தயிர்சாதமும் ஒன்றரைக் கிலோ குட்டியும்

வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை இருபத்தைந்து கிலோ இருக்கும். காலையில் மிஞ்சிய இட்லி, மதியம் ஒரு கை தயிர்சாதம், ஞாயிறன்று கறிக்கடை எலும்பு என்று பத்து வருடத்தை ஓட்டிவிடுகிறது. அதே வீட்டுக்கு இரண்டரை மாத ஸ்பிட்ஸ் குட்டி ஒன்று வருகிறது. பலரும் 'பொமரேனியன்' என்று சொல்லி வாங்குகிற அந்த வெள்ளைக் குட்டிதான். அதற்கும் அதே பாத்திரத்திலிருந்து அதே தயிர்சாதம். சில வாரங்களில் முன்னங்கால்கள் வெளிப்பக்கம் வளைகின்றன, நடை தளர்கிறது, படியிலிருந்து குதித்தால் கத்துகிறது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் சுண்ணாம்பே சேரவில்லை என்கிறார். ஒரே சாப்பாடு ஒன்றைக் காவல்காரனாக வைத்திருக்கிறது, இன்னொன்றை முடமாக்குகிறது. எப்படி?

'நல்ல கம்பெனித் தீனி வாங்கிப் போடுங்கள்' என்பது வழக்கமான பதில். எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் விலையைக் காட்டுவார், பை கோழியின் படத்தைக் காட்டும், பக்கத்து வீட்டுக்காரர் புரத விழுக்காட்டைச் சொல்வார். மூன்றுமே உணவின் தரம் அந்த உணவுக்குள்ளேயே இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. என் வாதம் வேறு. தின்கிற உடம்பின் அளவையும் வயதையும் விட்டுவிட்டுத் தரத்தைப் பேச முடியாது. ஒவ்வொரு கலோரியோடும் எவ்வளவு கட்டுமானப் பொருள் உள்ளே போகிறது, அது அந்தச் சின்ன வயிற்றில் அடங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் மற்றவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

சின்ன உடம்பின் பெரிய பசி

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய மாக்ஸ் கிளைபர், எலி முதல் எருது வரையிலான விலங்குகள் ஓய்வில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன என்று ஒப்பிட்டு 1932இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடல் எடை இரட்டிப்பானால் ஆற்றல் தேவை இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ 1.7 மடங்குதான் ஆகிறது என்பது அதன் சாரம். ஏன் அப்படி என்பதில் உயிரியலாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. ஆனால் இந்த விதியிலிருந்து வரும் கணக்கைத்தான் உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். உடம்பு சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு கிலோவுக்கும் தேவைப்படும் தீனி கூடிக்கொண்டே போகும் என்பது இதன் மறுபக்கம்.

வளர்ந்த இருபத்தைந்து கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,250 கலோரி வேண்டும், கிலோவுக்கு 50. ஒன்றரைக் கிலோ குட்டி ஓய்வில் கிடந்தாலே 95 கலோரி செலவாகும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு வளர்ச்சியையும் ஓட்டத்தையும் சேர்த்து அதை மூன்றால் பெருக்குவது மருத்துவர்களின் வழக்கம். ஆக ஏறத்தாழ 280 கலோரி. கிலோவுக்கு 190ஐ நெருங்குகிறது. பெரிய நாயைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. வயிறோ உடம்பின் அளவுக்குத்தான் இருக்கும். இவ்வளவு ஆற்றலும் குறைந்த கன அளவுக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட எடையுள்ள உணவுக்குள் எத்தனை கலோரி அடங்கியிருக்கிறது என்பதை ஆற்றல் அடர்த்தி என்போம்.

ஒரு நாள் தட்டு

இப்போது அந்தக் குட்டியின் தட்டை எடைபோட்டுப் பார்ப்போம். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு தயிர் சேர்த்துப் பிசைந்த சாதத்தில் 100 கிராமுக்குச் சுமார் 107 கலோரி இருக்கும். மீதிப் பெரும்பகுதி தண்ணீர்தான். 280 கலோரியை எட்ட வேண்டுமானால் குட்டி ஒரு நாளில் 260 கிராம் தின்ன வேண்டும். அது அதன் உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அறுபது கிலோ மனிதர் ஒரே நாளில் பத்துக் கிலோ தயிர்சாதம் சாப்பிடுவதற்குச் சமம். குட்டியால் முடியாது, வயிறு உப்பியதும் நிறுத்திவிடும். பானை வயிறும் துருத்திய முதுகெலும்புமாகச் சில குட்டிகள் நிற்பதற்கு இது ஒரு காரணம். (குடற்புழு இன்னொரு காரணம். அதற்கு மருந்து கொடுக்காமல் தீனியை மாற்றிப் பயனில்லை.)

சரி, எப்படியோ 260 கிராமையும் தின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிடைக்கும் புரதம் ஏழரை கிராம். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 130 மில்லிகிராம் அளவில். 'ஆஃப்கோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தீவன ஒழுங்குமுறை அதிகாரிகள் சங்கம் வளரும் குட்டிகளுக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவை 280 கலோரிக்குக் கணக்கிட்டால் புரதம் 16 கிராம், கால்சியம் 840 மில்லிகிராம் வருகிறது. புரதம் பாதிக்கும் கீழே, கால்சியம் ஆறில் ஒரு பங்கு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு என்பதால் கிடைக்கும் ஏழரை கிராமும் முழுதாகத் தசையாகாது.

நாட்டு நாய் தப்பிப்பதன் ரகசியமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதன் எலும்பு ஏற்கெனவே இறுகிவிட்டது. தேய்மானத்தை ஈடுகட்டினால் போதும். அதிலும் குறை வந்தால் எலும்பில் இருக்கும் சேமிப்பிலிருந்து வருடக்கணக்கில் எடுத்துச் சமாளிக்கும், கறிக்கடை எலும்பு அவ்வப்போது அந்தச் சேமிப்பை நிரப்பும். குட்டிக்குச் சேமிப்பு என்று ஒன்று இனிமேல்தான் உருவாக வேண்டும். சிறு இன நாய்கள் முழு வளர்ச்சியைப் பத்து மாத வாக்கில் முடித்துவிடுகின்றன. பெரிய இனங்களுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். வளர்ச்சி குறுகிய காலத்தில் நெருக்கியடித்து நடப்பதால், சில வாரக் குறைகூட காலில் தெரிந்துவிடுகிறது.

கோழியைச் சேர்த்தால்?

'தயிருக்குப் பதில் கோழிக்கறி போடலாமே' என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம். 120 கிராம் சோறு, 75 கிராம் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி. மொத்தம் அதே 280 கலோரி. புரதம் 26 கிராமாகத் தாவிவிடுகிறது, தேவைக்கு மேலேயே. தட்டின் எடையும் 195 கிராமாகக் குறைகிறது. ஆனால் கால்சியம்? இருபத்தைந்து மில்லிகிராமை எட்டினால் அதிகம். தயிரில் வந்துகொண்டிருந்ததும் போயிற்று. அதைவிட மோசம், கறியில் பாஸ்பரஸ் நிறைய. இந்தத் தட்டில் கால்சியத்தைப்போல எட்டொன்பது மடங்கு பாஸ்பரஸ் இருக்கும். எலும்புக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை.

இந்த விகிதம் தலைகீழானால் ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். இதயத் துடிப்பும் தசை அசைவும் அதை நம்பியிருப்பதால் உடம்பு விடாது. கழுத்தில் தைராய்டை ஒட்டி இருக்கும் சின்னஞ்சிறு இணைத்தைராய்டுச் சுரப்பிகள் உடனே வேலையில் இறங்கி, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் அனுப்புகின்றன. ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகத் தெரியும், எலும்போ உள்ளுக்குள் மெலிந்துகொண்டிருக்கும். கறி மட்டும் ஊட்டி வளர்த்த குட்டிகளிடம் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் நோய் இது. பாசத்தோடு தினமும் ஈரல் வாங்கிப் போடுகிற வீட்டிலும் வரும்.

வெயிலில் விட்டால் வைட்டமின் டி வந்து எலும்பு தேறும் என்பார்கள். மனிதருக்குப் பொருந்தும் யோசனை. நாயின் தோல் வெயிலைக் கொண்டு வைட்டமின் டியைப் போதிய அளவு தயாரிப்பதில்லை, உணவின் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே மதுரை வெயிலானாலும் சோறும் கறியும் மட்டும் தின்கிற குட்டிக்கு அது உதவாது. கால்சியம் சிரப்? முழுமையான தீனி தின்கிற குட்டிக்கு அது வீண். வீட்டுச் சாப்பாடு தின்கிற குட்டிக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் ஊற்றுவது குருட்டுக் கணக்கு. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், மிகையான கால்சியம் தின்ற கிரேட் டேன் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியே கோணிப்போனது. இளங்குட்டியின் குடலுக்கு மிகையானதை மறுக்கத் தெரியாது. சிறு இனங்கள் இந்த மிகையைக் கூடுதலாகத் தாங்குகின்றன என்பது உண்மைதான். அதற்காகக் குறையையும் தாங்கும் என்று ஆகாது.

பாலும் குழந்தைக் கஞ்சிமாவும் கொடுப்போரின் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பால் சர்க்கரை பசும்பாலில் கூடுதல். பிறந்த குட்டி ஏழு முதல் பத்து நாளில் எடையை இரட்டிப்பாக்கிவிடும், மனிதக் குழந்தைக்கு அதற்கு ஐந்து மாதம் ஆகும். நிதானமாக வளரும் குழந்தைக்கென்று தயாரித்த தானியக் கஞ்சிமாவு, பாய்ச்சலாக வளரும் குட்டிக்கு ஏன் போதாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

வீட்டுச் சமையலே கூடாதா?

இவ்வளவும் சொன்னால், அரிசியே நாய்க்கு ஆகாது, நாய் ஓநாயின் வாரிசு என்று வாதிடுவோர் மகிழ்ந்துபோவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள் மட்டுமே; நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை. மனிதரோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது. வெந்த சோறு குட்டிக்கு நல்ல எரிபொருள். சோறு மட்டும்தான் உணவு என்பதில்தான் கோளாறு.

தெருநாய்க் குட்டிகள் மிச்சம் மீதி தின்று வளரவில்லையா என்பது வலுவான கேள்வி. மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, கொல்கத்தா ஐசர் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடுதான். பெரும்பாலான சாவுக்கு மனிதர்களே நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணம் என்பதால் பழியை உணவின் மேல் போட முடியாது. ஆனால் நம் கண்ணில் படும் தெருநாய் பிழைத்துவந்த ஐந்தில் ஒன்று; அதை வைத்து எது போதுமான உணவு என்று முடிவு கட்டக் கூடாது.

வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க முடியும். நாய் உணவியல் படித்த மருத்துவர் ஒருவர் கிராம் கணக்கில் எழுதித் தர வேண்டும், எழுதியதை மாற்றாமல் சமைக்க வேண்டும். புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 சமையல் குறிப்புகளை டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் அலசி 2013இல் வெளியிட்ட முடிவின்படி, 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் ஒரு சத்தாவது தேவைக்குக் குறைவாக இருந்தது. அவை வளர்ந்த நாய்களுக்கான குறிப்புகள். வளரும் குட்டிக்குத் தவறு செய்ய இடம் இன்னும் குறைவு. துத்தநாகம், தாமிரம், அயோடின் என்று ஒரு நீண்ட பட்டியலை அரிசியும் கோழியும் காரட்டும் தராது.

மனிதர் தட்டிலிருந்து எடுத்துப் போடுவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 15 கிராம் உள்ளே போனாலே பாதிப்பு தொடங்கக்கூடும். நாட்டு நாய்க்கு அது 375 கிராம். சாம்பார் சாதத்தில் அவ்வளவு வராது. ஒன்றரைக் கிலோ குட்டிக்கு இருபத்திரண்டு கிராம், அதாவது நாலைந்து சின்ன வெங்காயம்.

பையின் முதுகில் இருப்பது

ஆகவே பெரும்பாலான வீடுகளுக்குப் பைத்தீனிதான் நடைமுறை வழி. பையின் முன்பக்கம் விளம்பரம், அதைப் படிக்க வேண்டியதில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் முதலில் தேட வேண்டிய வாக்கியம் ஒன்று: இந்த உணவு வளர்ச்சிப் பருவத்துக்கு அல்லது எல்லா வயதுக்கும் 'முழுமையானது, சமச்சீரானது' என்ற உறுதிமொழி. ஆஃப்கோ அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் அளவுகளின்படி என்று அதில் இருக்கும். 'வளர்ந்த நாய்களுக்கு' என்று இருந்தால் எவ்வளவு விலையானாலும் குட்டிக்கு ஆகாது. 'துணை உணவு' என்றால் அது தீனியே அல்ல, தின்பண்டம்.

அடுத்தது கலோரி. 100 கிராமுக்கு 380 கலோரி, 28 விழுக்காடு புரதம், 1.2 விழுக்காடு கால்சியம் உள்ள உலர் தீனியானால் நம் குட்டிக்கு ஒரு நாளைக்கு 75 கிராமுக்குள் போதும். அதில் புரதம் 20 கிராமைத் தாண்டிவிடும், கால்சியம் 880 மில்லிகிராம் வரும். 260 கிராம் தயிர்சாதத்தால் முடியாததை இது செய்துவிடுகிறது. டின்னில் வரும் ஈரத் தீனியை இதனோடு ஒப்பிடும்போது பலரும் ஏமாறுவது ஓரிடத்தில். 'புரதம் 9 விழுக்காடு' என்று டின்னில் பார்த்தால் ஏளனமாகத் தோன்றும். அதில் 78 விழுக்காடு தண்ணீர். தண்ணீரைக் கழித்து மிச்சமிருக்கும் உலர் எடையில் கணக்கிட்டால் புரதம் 41 விழுக்காடு. சத்தில் குறைவில்லை, ஆனால் ஒரு நாள் தேவைக்கு 280 கிராம் போலத் தின்ன வேண்டிவரும், பழைய வயிற்றுப் பிரச்சினை திரும்பும். உலர் தீனியோடு கொஞ்சம் கலந்து ருசிக்காகக் கொடுப்பது இதற்குச் சரியான இடம்.

'சிறு இனம்' என்று அச்சிட்ட பைக்குத்தான் போக வேண்டுமா? பையில் 'குட்டி' என்ற சொல் முக்கியம், 'சிறு இனம்' இரண்டாம்பட்சம் என்பது என் கணிப்பு. சிறு இனத் தீனியில் வேறுபாடு பெரும்பாலும் உருண்டையின் அளவிலும் ஆற்றல் அடர்த்தியிலும்தான். பால்பல் இருபத்தெட்டு மட்டுமே உள்ள குறுகிய வாயில் பெரிய உருண்டை சிக்கும், குட்டி மெல்லாமல் விழுங்கும் அல்லது ஒதுக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் அந்தத் தொல்லை தீரும். 'பெரிய இனக் குட்டி'ப் பையை மட்டும் தவிர்க்கலாம். அந்த உடம்பு வேகமாக எடை போடக் கூடாதென்று ஆற்றலையும் கால்சியத்தையும் மட்டுப்படுத்தித் தயாரித்தது அது.

புரதம் என்ற எண்

பையில் அச்சாகும் புரத விழுக்காடு நேராக அளந்தது அல்ல. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883இல் உருவாக்கிய முறையில் நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கி எழுதுகிறார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2007இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி இறந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரத மாவில், எண்ணை உயர்த்திக் காட்டுவதற்காக, நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். 30 விழுக்காடு புரதம் என்பது 26ஐவிடத் தரமானது என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பெயர் சொல்லக்கூடிய விலங்குப் புரதம் (கோழி, மீன், முட்டை) பட்டியலின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

அந்தப் பட்டியலிலும் ஒரு தந்திரம் உண்டு. சேர்க்கும்போது இருந்த எடையின்படிதான் வரிசை. பச்சைக் கோழியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். உலர்த்திப் பொடித்த கோழித்தூள் கீழே இருந்தாலும் உண்மையில் கூடுதல் புரதம் தரும். மக்காச்சோளத்தை மாவு, தவிடு, புரதம் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கோழிக்குக் கீழே போய்விடும். 'தானியம் இல்லாதது' என்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கவும் காரணமில்லை. தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறைந்த அத்தகைய தீனிகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. தொடர்பு நிரூபணமாகவில்லை. நன்மையும் நிரூபணமாகவில்லை.

விலை அதிகம் என்ற ஆட்சேபம் சிறு இனத்துக்கு வலுவிழந்துவிடுகிறது. 75 கிராம் வீதம் மாதத்துக்கு இரண்டேகால் கிலோதான். மலிவென்று பத்துக் கிலோ மூட்டை வாங்கினால் நான்கு மாதத்துக்கு மேல் திறந்தே கிடக்கும், அதற்குள் கொழுப்பு காறிப்போகும், மீன் எண்ணெயின் நல்ல கொழுப்புகள் முதலில் கெடும். கடையில் வாய் பிரித்த மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் அள்ளித் தருவது இன்னும் மோசம். எந்த வயதுக்கானது, எப்போது திறந்தது என்று எதுவும் தெரியாது. சின்ன, மூடிய பை வாங்கி ஒரு மாதத்தில் தீர்ப்பதே கணக்குக்கும் ஒத்துவரும்.

எத்தனை வேளை, எவ்வளவு

நல்ல தீனியையும் ஒரே வேளையில் வைத்தால் கெட்டது. சிறு இனக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைக் கையிருப்பு சொற்பம், உடம்போடு ஒப்பிட்டால் மூளை பெரிது. சில மணி நேரப் பட்டினியிலேயே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். அப்போது ஈறில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நான்கு மாதம் வரை நாலு வேளை, ஒவ்வொன்றிலும் பதினெட்டு கிராம் போல, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு.

பையிலுள்ள அட்டவணை தொடங்குவதற்கு மட்டும்தான். கிண்ணத்தால் அள்ளினால் பத்துக் கிராம் முன்பின் ஆகும். நாட்டு நாய்க்கு அது ஒன்றுமில்லை, இந்தக் குட்டிக்கு ஒரு நாள் உணவில் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்டத்தில். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், அதே தராசில் வாரம் ஒருமுறை குட்டியையும் நிறுத்துப் பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்ற எண்ணத்துக்கு 2002இல் வெளியான ஒரு லாப்ரடார் ஆய்வு பதில் சொல்கிறது. எட்டு வார வயதிலிருந்தே, தமக்கு ஜோடியாக வைத்து ஒப்பிட்ட நாயைவிட 25 விழுக்காடு குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. அது பெரிய இனம், மொத்தம் 48 நாய்கள்தான். ஆயினும் அதிகம் ஊட்டுவதற்கு ஆதரவாக இதற்கு ஈடான சான்று எதுவும் இல்லை. எடை ஏறுவது நின்று சீராகும் பத்துப் பன்னிரண்டு மாத வாக்கில் வளர்ந்த நாய்த் தீனிக்கு மாற்றலாம். பழையதில் புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டி ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், தீனி மோசம் என்று நல்ல பையைத் தூக்கியெறிய நேரும்.